பன்னீர்க் கொடியின் பிறந்தநாள்: திண்டுக்கல் சமவெளித் திராட்சை வரலாற்றில் ஒரு வினா

தோற்றுவாய்

திண்டுக்கல் நகரிலிருந்து தெற்கே மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கே சிறுமலைத் தொடரும், மேற்கே தொலைவில் கொடைக்கானல் மலையும் வழிநெடுகத் துணை வருகின்றன. இவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வெள்ளோடு, அம்பாத்துரை, கொடைரோடு முதலிய ஊர்களின் சுற்றுப்புறங்களில் கல்தூண்கள் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்களைக் காணலாம். நண்பகல் வெயிலிலும் பந்தலின் கீழ் நிழல் கவிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் சாலையோரக் கூடைகளில் கருநீலக் குலைகள் அடுக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் பன்னீர்த் திராட்சை.

திண்டுக்கல் என்றவுடன் பூட்டும், புகையிலையும், மலைக்கோட்டையும் நினைவுக்கு வருகின்றன. சிறுமலை என்றவுடன் வாழைப்பழம் நினைவுக்கு வருகிறது. அவ்வரிசையில் இடம்பெறத் தகுதி இருந்தும் இடம்பெறாதது இக்கொடி. இது இம்மண்ணுக்கு எப்பொழுது வந்தது, யார் கொண்டுவந்தார் என்று கேட்டால் ஒரே விடைதான் பலராலும் சொல்லப்படுகிறது: 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பதே அவ்விடை. தோட்டக்கலைக் கட்டுரைகளும் நாளிதழ்களும் இதனையே திரும்பத் திரும்பக் கூறுகின்றன. இவ்விடை முழுமையானதுதானா என ஆராய்வது வேண்டற்பாலது.

மது வந்தது, கொடி வரவில்லை

திராட்சை மதுவைத் தமிழர் அறிந்தது மிகப் பழைய செய்தி. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த நறுமண மதுவை அம்மன்னன் நாள்தோறும் பருகி மகிழ்ந்து வாழ வேண்டும் என்னும் வாழ்த்து இடம்பெறுகிறது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. பாடலும் பானை ஓடும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் வந்தது மதுவேயன்றிக் கொடி அன்று. மருத நிலத்துக் கரும்பையும் குறிஞ்சித் தேனையும் விரித்துரைக்கும் சங்கப் புலவர்கள் திராட்சைத் தோட்டம் எதனையும் இந்நிலத்துக் காட்சியாகக் காட்டவில்லை. பெயரும் இதனை உணர்த்தும். திராட்சை என்பது வடசொல் வழி வந்தது. முந்திரிகை என்னும் சொல் திராட்சையையும் மரமுந்திரியையும் குறிக்க வழங்கியதால், கொடி என்னும் அடை சேர்த்துக் கொடிமுந்திரி என வேறுபடுத்தினர். கிறித்தவத் தமிழில் இச்சொல் நன்கு வேரூன்றியது. சொல் வேரூன்றிய இடத்திலேயே செடியும் வேரூன்றியது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

1832 என்னும் ஆண்டு

இந்தியத் திராட்சையின் வரலாற்றை எழுதுவோர் பல வழிகளைக் காட்டுவர். வடக்கே ஈரானியரும் ஆப்கானியரும் கொண்டுவந்த வழி ஒன்று. தலைநகரைத் தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றிய முகமது பின் துக்ளக்கின் காலத்தில் தக்காணத்துக்கு வந்த வழி மற்றொன்று. கிறித்தவ மறைப்பணியாளர் வாயிலாக 1832ஐ ஒட்டிச் சேலம், மதுரை மாவட்டங்களுக்கு வந்த வழி பிறிதொன்று. அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் திண்டுக்கல்லும் அடங்கியிருந்தது.

மறைப்பணியாளர் ஒருவர் திராட்சையை நட்டதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஐரோப்பிய மது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, வெப்பக் கடல்களில் மாதக்கணக்காகப் பயணம் செய்தே தமிழகக் கரையை அடைய வேண்டியிருந்தது. கரையிலிருந்து உள்நாட்டுச் சிற்றூருக்கு மாட்டு வண்டியில் வரவேண்டும். அத்தகைய நிலையில் கோயில் வளாகத்திலேயே ஒரு கொடியை நட்டுப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே.

ஆனால் அந்தப் பாதிரியார் யார் என்னும் வினாவில் முதல் சிக்கல் எழுகிறது. மதுரை மறைப்பணித் தளம் என்றவுடன் இயேசு சபையினரை நினைப்பது வழக்கம். இயேசு சபையோ 1773ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு, 1814ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. அச்சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் மதுரைப் பகுதிக்கு மீண்டும் வந்தது 1837, 1838ஆம் ஆண்டுகளில்தான். எனவே 1832 என்னும் ஆண்டு சரியாயின், கொடி கொண்டுவந்தவர் இயேசு சபைக் குருவாக இருத்தல் அரிது. அக்காலத்தில் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றிய பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்களுள் ஒருவராக அவர் இருந்திருக்கலாம். இதுவரை மரபுச் செய்தியும் காலக்கணக்கும் ஒத்தே செல்கின்றன.

கண்ணாடி மனையில் பிறந்த குழந்தை

இரண்டாவது சிக்கல் கொடியிலேயே இருக்கிறது. நாம் பன்னீர்த் திராட்சை என்று அழைப்பது உலகெங்கும் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகையாகும். இவ்வகை காட்டில் தானே தோன்றியதன்று. பண்டை நாகரிகங்கள் வளர்த்ததும் அன்று. 1850ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் சீவார்ட் ஸ்னோ என்னும் தோட்டக்காரர் கண்ணாடி மனையில் இரண்டு திராட்சை வகைகளை இணைத்து உருவாக்கியது. தாய்க்கொடி பிளாக் ஹாம்பர்க் எனப்பட்ட கருந்திராட்சை. தந்தைக் கொடி மத்தியதரைக் கடற்கரைகளில் நெடுங்காலமாகப் பயிராகிய அலெக்சாண்டிரியா மஸ்கட். பிற்கால மரபணு ஆய்வுகளும் இப்பெற்றோரை உறுதிசெய்துள்ளன. 1768ஐ ஒட்டி இலண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற பெருங்கொடி, இந்தத் தாய்வகையைச் சேர்ந்ததேயாகும்.

திராட்சையை உழவர் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நட்டே பெருக்குவர். விதையிலிருந்து எழும் செடி தாயின் குணத்தை அப்படியே காட்டாது. வெட்டி நட்ட கொடியோ தாயின் உடலே ஆகும். ஆதலின் வெள்ளோட்டுப் பந்தலில் படர்ந்திருக்கும் ஒவ்வொரு பன்னீர்க் கொடியும், ஸ்னோவின் கண்ணாடி மனையில் முளைத்த அந்த ஒற்றைச் செடியின் நீட்சியே. அச்செடி பிறப்பதற்கு முன்பே, 1832ஆம் ஆண்டில், அதன் கிளையை எவரும் இங்குக் கொண்டுவந்திருக்க இயலாது.

இதனால் மரபுச் செய்தி பொய் என்று தள்ளிவிடல் வேண்டுவதில்லை. இரு வேறு நிகழ்ச்சிகள் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன எனக் கொள்வதே பொருத்தம். 1832ஐ ஒட்டி மறைப்பணியாளர் ஒருவர் நட்டது வேறொரு திராட்சை. பன்னீர் வந்தது 1850க்குப் பிந்தைய ஏதோ ஓர் ஆண்டில். முதற்கொடியின் புகழையும் ஆண்டையும், பின்வந்து பரவிய கொடி தனதாக்கிக்கொண்டது. முன்னோர் ஒருவரின் செயலை அதே பெயர்கொண்ட பேரன்மேல் ஏற்றிச் சொல்லும் ஊர்க்கதைகளை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

இருபத்திரண்டு ஷில்லிங் கணக்கு

வரலாறு எழுதப்படாத கொடியின் நிலையை உணர, வரலாறு எழுதப்பட்ட ஒரு கொடியோடு அதனை ஒப்பிடுதல் நன்று. செருமானிய நாட்டின் பெருமையாகக் கருதப்படும் ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சை அத்தகையது. 1435ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், ரூசல்ஸ்ஹைம் என்னும் ஊரில் காட்சனெல்ன்போகன் பிரபுவின் கணக்கேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. தோட்டத்தில் நடுவதற்காக ரீஸ்லிங் கொடித்துண்டுகள் வாங்கிய வகையில் செலவு 22 ஷில்லிங் என்பது அதன் பொருள். கணக்கர் தம் கடமையைச் செய்தார். அந்த ஒரு வரியால் மார்ச்சு 13 ரீஸ்லிங்கின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

அதன்பின் வந்த ஏடுகளும் பல. 1720ஆம் ஆண்டில் ரைன் ஆற்றங்கரை யோகானிஸ்பெர்க் தோட்டத்தில் பெரும்பரப்பில் ரீஸ்லிங் நடப்பட்டது. 1787ஆம் ஆண்டில் டிரியர் நாட்டின் ஆட்சியாளர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், தரம் குறைந்த கொடிகளைக் களைந்து நல்ல கொடிகளை நடுமாறு ஆணையிட்டார். 1868ஆம் ஆண்டில் பிரஷ்ய வரித்துறை மோசல் ஆற்றுச் சரிவுகளைத் தரம் பிரித்து வண்ண நிலப்படமாகவே வெளியிட்டது. வரி வாங்குவதற்காக வரைந்த படம், பின்னாளில் எந்தச் சரிவின் பழம் சிறந்தது என்பதற்குச் சான்றாயிற்று.

அங்கும் கதைகள் இல்லாமல் இல்லை. 1775ஆம் ஆண்டில் அறுவடைக்கு அனுமதி கொண்டுவர வேண்டிய தூதன் யோகானிஸ்பெர்க்கிற்குக் காலந்தாழ்த்தி வந்தான் என்றும், அதற்குள் பழங்கள் பூஞ்சை படர்ந்து சுருங்கிவிட்டன என்றும், வேறு வழியின்றிப் பிழிந்த அச்சாறே ஈடற்ற இனிய மதுவாயிற்று என்றும் கூறுவர். கதையைச் சுவைக்கும் அந்நாட்டார் கணக்கேட்டையும் காத்தனர். நம்மிடம் கதை மட்டுமே எஞ்சியது.

ஒரு தாய்ப் பிள்ளைகள்

ரீஸ்லிங்கை இங்கு ஒப்பிட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பன்னீரின் தாயாகிய பிளாக் ஹாம்பர்க்கைச் செருமானியர் டிரோலிங்கர் என்பர். 1929ஆம் ஆண்டில் ஆகஸ்ட் ஹெரோல்ட் என்னும் அறிஞர் அதே டிரோலிங்கரைத் தாயாகவும் ரீஸ்லிங்கைத் தந்தையாகவும் கொண்டு புதிய வகை ஒன்றை உருவாக்கினார். மருத்துவரும் கவிஞருமாகிய யுஸ்டினஸ் கெர்னரின் பெயரால் அது கெர்னர் எனப்பட்டது. கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அத்திராட்சையும் நம் பன்னீரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். திண்டுக்கல் சாலையோரக் கூடையில் இருப்பது ரைன் நாட்டு ரீஸ்லிங் குடும்பத்தோடு உறவுமுறை சொல்லிக்கொள்ளத்தக்க பழமே.

உறவு மணத்திலும் உண்டு. மஸ்கட் இனத்தின் நறுமணத்துக்குக் காரணமான சேர்மங்களுள் ஜெரானியால் ஒன்று. அதுவே ரோசா மலரின் மணத்துக்கும் காரணமாவது. ரீஸ்லிங்கிலும் இக்குடும்பச் சேர்மங்கள் குறைந்த அளவில் அமைந்துள்ளன. இப்பழத்தை முதன்முதலில் சுவைத்துப் பன்னீர் என்று பெயரிட்ட தமிழர் எவரென்று அறியோம். வேதியியல் அறியாத அவர் நாக்கும் மூக்கும் ஆய்வுக்கூடம் கண்டதையே கண்டன. அயல்நாட்டுக் கொடிக்கு அயல்நாட்டுப் பெயரை ஒட்டாமல், கோயிலிலும் மணவீட்டிலும் தெளிக்கும் பன்னீரின் பெயரைச் சூட்டியது தமிழின் வரவேற்பு எனலாம்.

கத்தியே பனிக்காலம்

பிறந்த நாட்டில் திராட்சைக்கு ஆண்டுக்கொரு பனிக்காலம் உண்டு. இலையுதிர்த்து உறங்கி, வேனிலில் விழித்து, ஒருமுறை காய்க்கும். திண்டுக்கல் சமவெளியில் அவ்வுறக்கம் இல்லை. கொடி ஆண்டு முழுதும் பசுமையாகவே நிற்கும். ஆகவே உழவரின் கவாத்துக் கத்தியே பனிக்காலத்தின் வேலையைச் செய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்தால் கோடையில் ஓர் அறுவடை. வைகாசி, ஆனியில் மீண்டும் செய்தால் ஆவணி, புரட்டாசியில் மற்றோர் அறுவடை. ஆண்டுக்கொரு முறை காய்த்த கொடியை இருமுறை காய்க்கச் செய்த இத்தொழில்நுட்பத்தை எந்தப் பாதிரியாரும் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது. அங்கு அதற்குத் தேவையே இல்லை. அது இம்மண்ணில், இவ்வெயிலில், பல தலைமுறை உழவர்கள் செய்து செய்து கண்டது. கொடியைக் கொண்டுவந்தவரைத் தேடும் வரலாறு, கொடியைப் பழக்கியவர்களை மறந்துவிடுதல் முறையன்று.

விளைச்சலும் மிகுதி. எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை பன்னீர் விளையும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. உயர்ந்த மது தரும் ரீஸ்லிங் தோட்டங்களில் விளைச்சலைத் திட்டமிட்டுக் குறைத்துக்கொள்வர். மேலும் ரீஸ்லிங்கின் உயிர் அதன் புளிப்பு. குளிர்ந்த இரவுகளில் மெல்லப் பழுத்தால்தான் அப்புளிப்பு நிலைக்கும். வெப்பச் சமவெளியில் அது விரைவில் கரைந்துவிடும். நாசிக் பகுதியில் இந்த நூற்றாண்டில் ரீஸ்லிங்கைக் கொண்டு மது ஆக்கியுள்ளனர் எனினும், திண்டுக்கல் சமவெளிக்கு உரியது பன்னீரே.

பன்னீர் பெரிதும் தின்னும் பழமாகவே நிலைத்ததற்கு நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 1937ஆம் ஆண்டு அக்டோபரில் இராசாசி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. மறைப்பணியாளர் திராட்சை நட்டதாகச் சொல்லப்படும் இரு மாவட்டங்களுள் ஒன்று அது. 1948க்குள் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. திருப்பலி இரசம் மட்டும் தனி உரிமத்தின் கீழ் இயன்றது. ஐரோப்பாவில் கொடியின் வரலாற்றை மதுக்கூடங்களின் ஏடுகள் காத்தன. இங்கு அத்தகைய ஏடுகள் உருவாக வாய்ப்பில்லாமற் போயிற்று. இது மதுவுக்கு வாதாடும் கூற்றன்று. ஏன் நம் கொடிக்கு எழுத்து இல்லை என்பதற்கான விளக்கமே.

எல்லைக்கோடும் பெயரும்

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தேனி பிரிந்தது. 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுதும் அறுவடை காணும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்க்கு அது தக்க பெருமை. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் 1832ஆம் ஆண்டில் தேனியும் இல்லை, திண்டுக்கல் மாவட்டமும் இல்லை, மதுரை மட்டுமே இருந்தது. சிறுமலை வாழை, பழனிப் பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு, கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகிய நான்குக்கும் குறியீடு பெற்ற இம்மாவட்டத்தில், சிறுமலை அடிவாரத்துத் திராட்சைக்குப் பெயர் சொல்லிக்கொள்ள ஓர் ஏடும் இல்லை.

குறியீடு கேட்பவரிடம் சட்டம் முதலில் கேட்பது வரலாற்றுச் சான்று. பாட்டன் சொன்னார் என்பது சான்றாகாது. அதற்குள் காலமும் காத்திருக்கவில்லை. கிணற்று நீர் கீழே போகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் தமிழகத்தின் மண்ணுக்கும் நீருக்கும் செய்த கேட்டை 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆராய்ந்தபோது, திண்டுக்கல்லும் அம்மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. விலை வீழும் ஆண்டுகளில் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு பயிருக்கோ வீட்டுமனைக்கோ நிலத்தை விடுவோரும் உளர். ஒரு பந்தலின் கல்தூண்கள் பிடுங்கப்படும்போது, அங்குக் கொடி எப்பொழுது நடப்பட்டது, எந்த ஊர்த் தோட்டத்திலிருந்து அது வந்தது என்னும் நினைவும் பிடுங்கப்படுகிறது.

முடிவுரை

சான்றுகள் இல்லை என்று சொல்வதற்கு முன் தேடியிருத்தல் வேண்டும். மதுரை மாநில இயேசு சபையின் ஆவணக்காப்பகம் கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் உள்ளது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு. புதுச்சேரிக் குருக்களின் மடல்கள் பாரிசில் உள்ள அச்சபையின் காப்பகத்தில் பேணப்படுகின்றன. பங்குக் கோயில்களின் செலவேடுகள், பழைய நிலப் பத்திரங்கள், கமிஷன் மண்டிக் கணக்குகள், முதிய உழவர்களின் நினைவுகள் ஆகியவை உள்ளூரிலேயே உள்ளன. கோயில் வளாகங்களில் பன்னீர் அல்லாத பழங்கொடி ஏதேனும் எஞ்சியிருப்பின், அதன் மரபணுவே 1832ஆம் ஆண்டைப் பற்றிப் பேசக்கூடும். தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை, தாவரவியல் துறை மாணவர்கள் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி இது. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரின் வழிவந்தோர்க்கு இத்தேடல் அயலானதன்று.

ரூசல்ஸ்ஹைம் கணக்கர் வரலாறு எழுதுகிறோம் என்று எண்ணி எழுதவில்லை. வாங்கிய கொடிக்குக் கொடுத்த காசை எழுதினார். அத்தகைய ஒரு வரி செண்பகனூரிலோ, சிறுமலை அடிவாரத்துக் கோயில் அலமாரி ஒன்றிலோ பழுப்பேறிய தாளில் நம் பன்னீர்க் கொடிக்காகவும் காத்திருக்கலாம். அது கிடைக்கும் நாள், திண்டுக்கல் திராட்சைக்கும் ஒரு பிறந்தநாள் வாய்க்கும். பந்தல்கள் நிற்கும் காலத்திலேயே அது கிடைத்தல் வேண்டும்.